‘நார்மல்’ என்று எழுதுவதற்கு முன்: லேப் நடத்துகிறவர்களுக்கும் முகாம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் முப்பத்தோரு வருடம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றவள். மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள் என்று எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. இந்த மடலில் நான் குறை சொல்லப்போகிற தவறுகள் எல்லாவற்றையும் நானே வருடக்கணக்கில் செய்திருக்கிறேன். அதனால் என்னை மேடையில் ஏறிப் பேசுகிறவளாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து மேஜையில் டியூப் அடுக்கிக்கொண்டே வாய் ஓயாமல் பேசுகிற அக்காவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் கொலஸ்ட்ரால் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், முகாம் அட்டையிலும் ரிப்போர்ட்டிலும் நாம் போடுகிற ‘நார்மல்’ என்ற சொல்லைப் பற்றியது.

என் தம்பிக்கு அப்போது 46 வயது. ஆள் ஒல்லி. பெல்ட்டுக்கு மேலே மட்டும் கொஞ்சம் தொப்பை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் நடந்த இலவச முகாமில் விரலைக் குத்தி, ஸ்ட்ரிப்பில் பார்த்து, அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள்: கொலஸ்ட்ரால் 181, நார்மல். அவன் அதைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். “இருநூறுக்குக் கீழதானே, ஒண்ணுமில்லை போடா” என்று நான்தான் பதில் போட்டேன். ஐந்து மாதம் கழித்து ஒரு ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். ஒரு ஸ்டென்ட்.

சேர்த்த இரவே எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. (மாரடைப்பு வந்து ஒரு நாள் தாண்டிவிட்டால் கொலஸ்ட்ரால் எண்கள் இறங்கிவிடும், அதனால் அன்றைக்கே எடுத்தது நல்லதாயிற்று.) மொத்தக் கொலஸ்ட்ரால் 178. முகாம் எண்ணுக்கும் அதற்கும் மூன்று புள்ளிதான் வித்தியாசம். ஆனால் கீழே இருந்த வரிகளை முகாமில் யாரும் பார்த்திருக்கவில்லை: ஹெச்டிஎல் (‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்பார்களே, அது; ஆணுக்கு 40-க்குக் கீழே இருந்தால் குறைவு) 29, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடுகிற இன்னொரு வகைக் கொழுப்பு; 150-க்கு மேலே இருந்தால் கூடுதல்) 265, கணக்குப் போட்ட எல்டிஎல் (‘கெட்ட கொலஸ்ட்ரால்’) 96.

இதோடு இன்னொரு ரிப்போர்ட்டையும் வைத்துப் பாருங்கள். அதே வருடம் எங்கள் அண்ணிக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 214 என்று வந்து, பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘ஹை’ என்று அச்சாகியிருந்தது. பாவம், தேங்காய்ச் சட்னியையே விட்டுவிட்டார். அவருடைய ஹெச்டிஎல் 66, ட்ரைகிளிசரைடு 80, எல்டிஎல் 132.

இப்போது ஒரு கழித்தல் கணக்கு. மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து ஹெச்டிஎல்லைக் கழித்தால் மிஞ்சுவதற்கு நான்-ஹெச்டிஎல் என்று பேர். ரத்தக்குழாய்ச் சுவரில் போய் ஒட்டக்கூடிய எல்லா வகைக் கொழுப்புத் துகள்களும் ஏற்றிவருகிற கொலஸ்ட்ரால் அதில் அடங்கிவிடுகிறது. அண்ணிக்கு 214-இல் 66 போக 148. தம்பிக்கு 178-இல் 29 போக 149. பயந்து சட்னியை விட்டவருக்கும் ‘நார்மல்’ அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தவனுக்கும் இடையே ஒரே ஒரு புள்ளி. அதுவும் தம்பி பக்கம்தான் கூடுதல்.

அதிலும் தம்பியின் கதை இன்னும் கொஞ்சம் மோசம். ட்ரைகிளிசரைடு ஏறியிருக்கிற உடம்பில் எல்டிஎல் துகள்கள் தங்கள் கொலஸ்ட்ராலில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு ட்ரைகிளிசரைடை வாங்கிக்கொள்ளும். அப்புறம் கல்லீரல் நொதி அந்த ட்ரைகிளிசரைடை உடைத்துவிட, துகள் சுருங்கி, சிறுத்து, அடர்த்தியாகிவிடும். நூறு மூட்டை நெல்லை இரண்டு லாரியிலும் கொண்டுபோகலாம், ஏழெட்டுக் குட்டியானையிலும் கொண்டுபோகலாம். நாம் எல்டிஎல் என்று அளப்பது மூட்டையை. தெருவை அடைப்பது வண்டி. தம்பியின் 96 குட்டியானைகளில் வந்த 96.

ஒற்றை எண்ணால் யாருக்கும் மாரடைப்பு வருவதில்லை என்பது எனக்கும் தெரியும். எங்கள் அப்பாவுக்கும் ஐம்பதில் வந்தது. முகாமில் அதையும் கேட்கவில்லை.

சரி, இது ஒரு வீட்டுக் கதை. ஒரு வீட்டை வைத்துக்கொண்டு ஊருக்கே அறிவுரை சொல்லக் கூடாது என்று லேபில் பழகியவளுக்குத் தெரியாதா? அதனால்தான் ஊர்க் கணக்கையும் தேடிப் படித்தேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு முதலில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நடந்தது. கொழுப்புப் பற்றிய முடிவுகள் 2014-இல் வந்தன. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் 13.9 சதவீதம். எல்டிஎல் கூடியிருந்தவர்கள் 11.8 சதவீதம். ட்ரைகிளிசரைடு கூடியிருந்தவர்கள் 29.5 சதவீதம். ஹெச்டிஎல் குறைந்திருந்தவர்கள் 72.3 சதவீதம். ஏதாவது ஒன்றாவது கோணலாக இருந்தவர்கள் 79 சதவீதம். இந்த எண்களை எழுதி வைத்துக்கொண்டு, நம் முகாம்களில் எதை அளக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நூறு பேரில் பதினான்கு பேரிடம் மட்டும் கோணலாக இருக்கிற ஒன்றை அளந்துவிட்டு, மீதி எண்பத்தாறு பேரை ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்புகிறோம்.

மாநிலத்துக்கு மாநிலம் முகமும் வேறு. அந்த நான்கில் மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்டிஎல்லும் கூடியவர்கள் அதிகம் இருந்தது தமிழ்நாட்டில்தான் (18.3, 15.8 சதவீதம்). ட்ரைகிளிசரைடில் முதலிடம் சண்டிகருக்கு, 38.6 சதவீதம். ஹெச்டிஎல் குறைவில் முதலிடம் ஜார்க்கண்டுக்கு, 76.8 சதவீதம். அதே ஆய்வு நாடு முழுக்க விரிந்து, 1,13,043 பேரைப் பார்த்து, 2023-இல் முடிவு சொன்னபோது இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் கேரளத்தில் 50.3 சதவீதம், ஜார்க்கண்டில் 4.6 சதவீதம். ஒரே நாடு, ஒரே வகை அளவீடு, பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். இதைப் படித்த அன்று “இந்தியர்களின் கொலஸ்ட்ரால்” என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

ஜார்க்கண்ட் எண்ணைப் பார்த்து, அங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்க்கும் முகாம் அங்கே போனால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ‘நார்மல்’ எழுதிவிட்டு வரும். ஹெச்டிஎல்லைப் பார்க்கும் முகாம் நான்கில் மூன்று பேருக்குக் குறை எழுதிவிட்டு வரும். எதை அளக்கிறோமோ அதுதான் ஊரின் ஆரோக்கியமாகத் தெரிகிறது.

நம்மவர்கள் கடல் கடந்து போன இடங்களிலும் இதே புதிர்தான். லண்டனில் குடியேறிய தெற்காசியர்களுக்கு அங்குள்ள வெள்ளையர்களைவிட இதய நோய் அதிகம். ஏன் என்று 1980-களில் தேடினார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் அந்த வித்தியாசத்தை விளக்கவில்லை. 1991-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் விடை கொஞ்சம் துலங்கியது: தெற்காசியர்களுக்கு ட்ரைகிளிசரைடு கூடுதல், ஹெச்டிஎல் குறைவு, இடுப்பைச் சுற்றிய கொழுப்புக் கூடுதல், இன்சுலின் கூடுதல், சர்க்கரை நோய் 19 சதவீதம். ஐரோப்பியர்களுக்கு அது 4 சதவீதம். எல்லாம் ஒரே கொத்தாக வருகிறது. சர்க்கரையும் தொப்பையும் இந்தக் கொழுப்புக் கோணலும் ஒரே வேரில் முளைத்தவை.

சிங்கப்பூர் எனக்கு இன்னும் பிடித்த உதாரணம், ஏனென்றால் அங்குள்ள இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழ் வழி வந்தவர்கள். சின்னத் தீவு. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று சமூகமும் ஒரே உணவங்காடியில் சாப்பிடுகிறது. 1990-களின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்புகளில் மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்டிஎல்லும் கூடுதலாக இருந்தது மலாய்க்காரர்களுக்கு. ஹெச்டிஎல் மிகக் குறைவாக இருந்தது இந்தியர்களுக்கு. மாரடைப்பு அதிகம் வந்தது யாருக்கு? அந்தக் காலத்தில் இந்தியர்களுக்குத்தான். மொத்தக் கொலஸ்ட்ரால் ஒன்றை மட்டும் வைத்துப் பந்தயம் கட்டியிருந்தால் தோற்றிருப்போம்.

ஏன் இப்படி என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. மரபணு ஒரு பங்கு. சோறு ஒரு பெரிய பங்கு. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருகிறது என்று இந்தியாப் ஆய்வின் 2025-ஆம் வருட உணவுக் கட்டுரை சொல்கிறது. தேவைக்கு மேலே உள்ளே போன மாவைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றித் துகளில் ஏற்றி ரத்தத்தில் விடுகிறது. “நான் எண்ணெயே தொடுறதில்லை, எனக்கு எப்படிம்மா கொழுப்பு ஏறும்?” என்று கேட்டவர்களுக்கு எத்தனை முறை இதைச் சொல்லியிருப்பேன்! மூன்று வேளையும் வெள்ளையாகவே சாப்பிடுகிற ஊர் இது: இட்லி, சோறு, திரும்ப இட்லி.

உடம்பு வாகு இன்னொரு பங்கு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004-இல் தங்கள் இருவர் படத்தையே லான்செட் இதழில் போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு ஒன்றுதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்பின் பங்கோ வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற ஆள் ஒல்லியில்லை. என் தம்பியின் பெல்ட்டுக்கு மேலே இருந்ததும் அதுதான்.

மரபணுவே எல்லாம் என்றும் விட்டுவிட முடியாது. 1960-களில் ஜப்பானில் இருந்த ஜப்பானியர்களையும், ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் போன ஜப்பானியர்களையும் ஒப்பிட ஆரம்பித்தார்கள். ஒரே வம்சம். மேற்கத்திய வாழ்க்கைக்குள் போகப் போகக் கொலஸ்ட்ரால் ஏறியது, இதய நோயும் ஏறியது. 200 நாடுகளின் 1980 முதல் 2018 வரையான கணக்கை 2020-இல் நேச்சர் இதழில் தொகுத்தபோது, மேற்கு ஐரோப்பாவில் நான்-ஹெச்டிஎல் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் ஏறியிருந்தது. ஒரு தலைமுறைக் காலத்தில் மரபணு மாறாது. தட்டும் வேலையும் மாத்திரையும் மாறும்.

மற்றவர்களின் ரத்தமும் ஒரே மாதிரி கோணுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நமக்கு மட்டும்தான் சாபம் என்று ஆகிவிடும். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குப் பொதுவாக ட்ரைகிளிசரைடு குறைவு, ஹெச்டிஎல் கூடுதல். பார்க்க அழகான ரிப்போர்ட். ஆனால் ரத்த அழுத்தமும் பக்கவாதமும் அவர்களுக்கு அதிகம். ட்ரைகிளிசரைடை வைத்து இன்சுலின் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி அவர்களிடம் பல நேரம் ஏமாற்றிவிடுகிறது. நமக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் ஏமாற்றுவதுபோல அவர்களுக்கு ட்ரைகிளிசரைடு. அதே மக்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் பிசிஎஸ்கே9 என்ற மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே வேலை செய்யாமல் இருப்பதை டெக்ஸாஸில் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு. இதய நோயோ 88 சதவீதம் குறைவு என்று 2006-இல் எழுதினார்கள். இன்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற கொலஸ்ட்ரால் ஊசி அந்தக் கண்டுபிடிப்பில் இருந்து வந்ததுதான். இந்த மாதிரி ஒரு விஷயம் ஒரே வகை மக்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் கையில் சிக்கியிருக்காது.

மெக்சிகோவில் ட்ரைகிளிசரைடு ஏற்றமும் ஹெச்டிஎல் குறைவும் நம்மைப் போலவே நிறைய. ஆனால் அங்கே ஹெச்டிஎல் குறைவில் ஒரு பகுதிக்கு, அமெரிக்கப் பூர்வகுடி வழி வந்தவர்களிடம் மட்டும் காணப்படுகிற ஒரு மரபணு மாற்றம் காரணம். ரிப்போர்ட்டில் ஒரே மாதிரி தெரிகிற எண்ணுக்குப் பின்னால் வேறு வேறு கதை.

பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களின் கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை. 2017-இல் அவர்களின் இதயக் குழாய்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது, 85 சதவீதம் பேருக்குச் சுண்ணாம்புப் படிவே இல்லை. அதுவரை ஆராயப்பட்ட மக்களில் இவ்வளவு சுத்தமான குழாய்கள் வேறு யாருக்கும் இல்லை என்றார்கள். அவர்களுடைய சராசரி எல்டிஎல் 91. சரி, எதிர்பார்த்ததுதான். சராசரி ஹெச்டிஎல் எவ்வளவு தெரியுமா? 39.5! நம் லேபில் அவர்கள் ரத்தம் கொடுத்திருந்தால் பாதிப் பேருக்கு ‘லோ’ என்று தடித்த எழுத்தில் போட்டிருப்போம்.

இதனால்தான் ஹெச்டிஎல் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தியாப் ஆய்வில் 44.9 சதவீதம் பேருக்கு ஹெச்டிஎல் குறைவு மட்டுமே இருந்தது, வேறு கோணல் இல்லை. அத்தனை பேரையும் நோயாளி என்று சொல்லிப் பயமுறுத்தினால் பாவம். ஹெச்டிஎல்லை மாத்திரையால் ஏற்றிப் பார்க்கும் முயற்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. டார்செட்ராபிப் என்ற மருந்து எண்ணை நன்றாகவே ஏற்றியது. சாவும் கூடியதால் 2006-இல் நிறுத்தினார்கள். நியாசின் என்ற வைட்டமின் மருந்தும் காப்பாற்றவில்லை. ஹெச்டிஎல் குறைவு என்பது வாசலில் கிடக்கிற செருப்பு மாதிரி. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று சொல்லும். அது ட்ரைகிளிசரைடா, தொப்பையா, சர்க்கரையா, புகையா என்று உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். செருப்பை எடுத்து ஒளித்து வைத்தால் ஆள் போய்விடமாட்டார். “நல்ல கொலஸ்ட்ராலைக் கூட்டும்” என்று முகாம் வாசலில் பொடி விற்கிறவர்களை அனுமதிக்கிறீர்களே, அது எனக்குக் கோபம் வருகிற இடம்.

அப்படியானால் நம் மக்களுக்கு என்று தனி ‘நார்மல்’ அளவு போட்டுவிடலாமே என்று ஒரு லேப் உரிமையாளர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. நூற்றில் எழுபத்திரண்டு பேர் கோட்டுக்கு வெளியே நின்றால் கோடு தப்பா, ஆள் தப்பா? ஹீமோகுளோபினுக்கும் தைராய்டுக்கும் ஆரோக்கியமான உள்ளூர் ஆட்களை அளந்து, நடுவில் வருகிற 95 சதவீதத்தை நார்மல் என்கிறோம். கொழுப்புக்கு நாம் அச்சடிக்கும் 200, 150, ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 என்ற கோடுகள் அந்த வகை இல்லை. எந்த அளவுக்கு மேலே அல்லது கீழே போனால் இதய நோய் ஆபத்து ஏறுகிறது என்று பார்த்துப் போட்டவை. அதில் பெரும்பகுதி அமெரிக்க வெள்ளையர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து வந்த அறிவு. மாசசூசெட்ஸில் 1948-இல் 5,209 பேரோடு தொடங்கிய ஃப்ராமிங்ஹாம் ஆய்வு அதற்கு அடித்தளம். எழுபத்திரண்டு பேர் வெளியே நிற்கிறார்கள் என்பதற்காகக் கோட்டை நகர்த்தினால், ரிப்போர்ட் அழகாகும், மாரடைப்புக் குறையாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 58.8. ஏறக்குறைய ஆறு வருடம் முன்னதாக. கோட்டை நமக்குச் சாதகமாகத் தளர்த்த இடமே இல்லை.

வெளிநாட்டவர்கள் வேறு வழியில் போனார்கள். கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஆளின் பின்னணியைச் சேர்த்தார்கள். பிரிட்டனில் க்யூரிஸ்க் என்ற ஆபத்துக் கணக்கில் இந்தியரா, பாகிஸ்தானியரா, வங்கதேசத்தவரா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அமெரிக்காவின் 2018 வழிகாட்டுதல் தெற்காசிய வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் காரணமாகப் பட்டியலில் வைத்தது. மருந்தின் அளவும்கூட ஆளைப் பார்த்து மாறுகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடின் மாத்திரை ஆசியர்களின் ரத்தத்தில் ஏறத்தாழ இரு மடங்கு சேர்வதால் அவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்லி அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.

லிப்போபுரோட்டீன்-ஏ என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி இரண்டு வரி. கூடினால் இதய நோய் ஆபத்தைக் கூட்டுகிற, சாப்பாட்டாலும் நடையாலும் பெரிதாக மாறாத, அளவு பிறவியிலேயே முடிவாகிவிடுகிற கொழுப்புத் துகள் அது. பிரிட்டனில் லட்சக்கணக்கானவர்களைப் பார்த்த கணக்கில், அதன் நடு அளவு கறுப்பினத்தவருக்கு 75, தெற்காசியருக்கு 31, வெள்ளையருக்கு 19, சீனருக்கு 16 நானோமோல். வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். முகாமில் எல்லோருக்கும் செய்யச் சொல்லமாட்டேன், விலை அப்படி. ஆனால் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஐம்பதுக்குள் மாரடைப்பு என்று சொல்கிறவரிடம் “டாக்டரிடம் இதைக் கேளுங்கள்” என்று சொல்ல ஒரு வாய் போதும்.

இனி நான் உங்களிடம் கேட்பவை. அரசாங்கத்துக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், 30 வயது தாண்டியவர்களுக்கான தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூன்று வகைப் புற்றுநோய்தான் பட்டியலில் இருக்கின்றன. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் வீட்டுக்கு வந்து முக்கியமாகப் பார்ப்பது பிரஷரும் சர்க்கரையும். கொழுப்பு எண்ணை ஒரு சாதாரண ஆள் முதல்முறையாகப் பார்ப்பது பெரும்பாலும் உங்கள் அட்டையில்தான்.

முகாமில் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஹெச்டிஎல்லையும் சேர்த்துப் பாருங்கள், இல்லையென்றால் இரண்டையுமே பார்க்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஹெச்டிஎல் என்பது பெரிய வேலை. பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் கலந்த ரீஏஜென்டைச் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கிற நீர்) ஊற்றி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மற்றதெல்லாம் அடியில் படிந்தபின் மேலே தெளிந்து நிற்பதை மட்டும் எடுத்து அளக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு கூடின ஆளுக்குத் தெளியவே தெளியாது. அதனால் முகாமில் அதைத் தவிர்த்தோம், நியாயம் இருந்தது. இன்று மெஷினில் வைத்தால் நேரடியாக வந்துவிடுகிறது. அந்த நியாயம் போய்விட்டது, பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

வெறும் வயிறு வேண்டும் என்று ஆளை விரட்டாதீர்கள். 2016-இலேயே ஐரோப்பிய அமைப்புகளும், 2024-இல் இந்திய இதயவியல் சங்கமும், முதல் பரிசோதனைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் சரி என்று சொல்லிவிட்டன. நான்-ஹெச்டிஎல் சாப்பாட்டால் பெரிதாக அசையாது. ட்ரைகிளிசரைடு மிகவும் கூடி வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்ப எடுக்கலாம். சித்தாள் வேலைக்குப் போகிற பெண் காலை ஒன்பதரை வரை பட்டினியாக உங்கள் பெஞ்சில் உட்கார்ந்தால் அவளுடைய அன்றைய கூலி போச்சு. அதனாலேயே அவள் வருவதில்லை.

ரிப்போர்ட்டில் நான்-ஹெச்டிஎல் என்று ஒரு வரி சேருங்கள். ரீஏஜென்ட் வேண்டாம், கிட் வேண்டாம், ஒரு கழித்தல். எல்டிஎல்லுக்குப் பக்கத்தில் அது அளந்ததா, கணக்குப் போட்டதா என்று எழுதுங்கள். ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து, அதை நான்-ஹெச்டிஎல்லில் இருந்து கழித்து எல்டிஎல் சொல்கிற அந்தச் சூத்திரம் 1972-இல் ஃப்ரீட்வால்டும் அவர் கூட்டாளிகளும் 448 பேரை வைத்துச் சொன்னது. 400-க்கு மேலே ட்ரைகிளிசரைடு போனால் அது செல்லாது என்று அவர்களே எழுதிவிட்டார்கள். இருந்தும் 520 ட்ரைகிளிசரைடுக்குக் கீழே எல்டிஎல் 61 என்று அச்சடித்து, பக்கத்தில் நார்மல் போட்ட ரிப்போர்ட்டை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் கணக்குப் போடும், வெட்கப்படாது.

அப்புறம், சீரத்தைப் பாருங்கள். கண்ணால். கல்யாண சீசனிலும் தீபாவளிக்கு மறுவாரமும் டியூபைச் சுற்றி எடுத்தால் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது நீர்மோர் மாதிரி நிற்கும். பழைய ஆட்கள் அதை ராத்திரி முழுக்கப் பிரிட்ஜில் வைத்துக் காலையில் பார்ப்போம். மேலே ஆடை கட்டினால் ஒரு வகைத் துகள், கட்டாமல் முழுக்கக் கலங்கியே இருந்தால் இன்னொரு வகை. இப்போது டியூப் நேரே மெஷினுக்குள் போய்விடுகிறது. ‘சீரம் கலங்கல்’ என்று ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு சொல் போட்டால் டாக்டர் கவனிப்பார்.

கடைசியாக, ‘நார்மல்’ என்ற சொல்லையே முகாம் அட்டையில் இருந்து எடுத்துவிடுங்கள் என்பேன். எண்ணை எழுதுங்கள். இடுப்புச் சுற்றளவை ஒரு டேப்பால் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பா என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று போடுங்கள். மீதியை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். நோய் இல்லை என்று சொல்ல நமக்கு அதிகாரமும் இல்லை, ஆறு ரூபாய் அட்டையில் அதற்கு இடமும் இல்லை.

எங்கள் தெருமுனை லேபில் இதைச் சொன்னபோது, “டாக்டர் யாரும் கேக்கலையேம்மா” என்றார் அதை நடத்துகிற தம்பி. டாக்டர் கேட்கமாட்டார், அவருக்கு மனசிலேயே கழிக்கத் தெரியும். ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு டாக்டரிடமே போகாத என் தம்பி மாதிரி ஆட்களுக்குத்தான் அந்த வரி என்றேன். இரண்டு வாரம் யோசித்துவிட்டுச் சேர்த்துவிட்டார். மென்பொருள் பையன் வந்து செய்துகொடுக்க ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனதாம்.

அடுத்த மாதம் அதே பள்ளிக்கூடத்தில் மறுபடி முகாம் என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். இந்த மடலின் பிரதி ஒன்றை அவர்கள் கையிலும் கொடுத்திருக்கிறேன். ரத்தம் எடுக்க ஆள் குறைந்தால் சொல்லி அனுப்புங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். கண்ணாடி மாற்றியாகிவிட்டது, கை இன்னும் நடுங்க ஆரம்பிக்கவில்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு லேப் டெக்னீஷியன்